இருண்டதெல்லாம் பேயல்ல!

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் மூன்று வகைக் கறுப்பு உண்டு.

முதல் வகையில், கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். 'என்ன வேணும்?' என்றும் கேட்காது; 'போய்யா' என்றும் சொல்லாது. இரண்டாவது, சுத்தமான அமாவாசை. மூன்றாவதுதான் குசும்பு பிடித்தது. மரியாதையாகப் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஒரு விநாடி இருண்டு, மறுபடி 'பாஸ்வேர்டு ப்ளீஸ்' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாள் முழுக்க அலுக்காது அதற்கு.

மூன்றுக்கும் நம் ஆட்கள் செய்கிற வைத்தியம் ஒன்றே. 'போச்சுடா' என்று தலையில் கை வைத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பென்டிரைவைத் தேடி எடுத்து, ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக லினக்ஸ் போடுவது. தலைவலிக்குத் தலையை எடுப்பது!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அப்டேட் செய்த மறுநாள் வருகிற இந்தக் கறுப்பில் பெரும்பாலும் கறுத்தது திரை மட்டும்தான். கம்ப்யூட்டர் உள்ளே நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை இல்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். வெறும் எழுத்தில் 'லாகின்' என்று கேட்டால், வீட்டில் ஆள் இருக்கிறார். விளக்குதான் எரியவில்லை என்று அர்த்தம்.

விளக்கு ஏன் அணைகிறது? இதற்குக் கொஞ்சம் குடும்பக் கதை தெரிய வேண்டும்.

லினக்ஸின் இதயம் கெர்னல். 1991-ல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது. திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கெர்னலுக்கும் நடுவில் நின்று பேசுகிற துபாஷிதான் டிரைவர். துபாஷிக்கு இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்தாக வேண்டும். கெர்னலோ சில வாரங்களுக்கு ஒரு முறை தன் உள்வீட்டுப் பாஷையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும்.

கெர்னலை ஒரு கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் டிரைவர்கள் வீட்டோடு மாப்பிள்ளைகள். (ஏஎம்டியின் இன்றைய டிரைவர் 2015-ல் கெர்னல் 4.2-உடன் குடிவந்தது.) அவற்றின் மூல நிரல் கெர்னலோடு சேர்ந்தே இருப்பதால், யாராவது உள்ளே ஒரு வாசற்படியை இடித்துக் கட்டினால், மாப்பிள்ளையின் செருப்பையும் அவர்களே எடுத்து நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

என்விடியாவின் சொந்த டிரைவர் தனிக்குடித்தனம் போன மாப்பிள்ளை. பண்டிகைக்கு வரும்போது பழைய சாவியோடு வருவார். இடையில் மாமனார் பூட்டை மாற்றியிருப்பார்.

'மாத்தினா சொல்ல வேண்டாமா சார்?' என்று கேட்பீர்கள். கெர்னல்காரர்கள் இதில் கறார். சாதாரண ப்ரோக்ராம்களுக்குக் காட்டும் வாசலை உடைக்கவே மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. உள்வீட்டுச் சமாசாரத்துக்கு மட்டும் எந்த உத்தரவாதமும் கிடையாது. உள்ளே வந்து இரு, இல்லையென்றால் உன் பாடு.

இந்த மாமனார் மாப்பிள்ளைச் சண்டை 2012-ல் சந்திக்கே வந்தது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் என்விடியா பற்றிக் கேள்வி வர, டோர்வால்ட்ஸ் கேமரா பக்கம் திரும்பி நடுவிரலைக் காட்டினார். கூடவே சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

நூவோ என்று ஒரு இலவச டிரைவர் உண்டு. என்விடியா கார்டுகளை வெளியிலிருந்தே தட்டிக் கொட்டிப் பார்த்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று ஊகித்து எழுதியது. 2010-ல் கெர்னலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் 2014 வாக்கில் வந்த கார்டுகளிலிருந்து, கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாது என்று ஒரு பூட்டு வந்துவிட்டது. காசு கொடுத்துக் கார்டு வாங்கியவர் நீங்கள். ஆக்ஸிலரேட்டர் அவர்கள் காலடியில்.

2022 மே மாதம் என்விடியா கொஞ்சம் மனம் இளகி, டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் திறந்து கொடுத்தது. அதுவும் 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். பழசுகளின் கதி? 2012-ல் வந்த கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசை டிரைவரோடு முற்றுப்புள்ளி. 2016-ல் வந்த பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசைதான் கடைசி. கார்டு நன்றாகவே இருக்கும். அதோடு பேசத்தான் ஆள் இருக்காது.

கதை போதும், வைத்தியத்துக்கு வருவோம். தெரிந்தவர் ஒருவர் ராத்திரி 11 மணிக்கு போன் செய்தார்.

"சார், லேப்டாப் செத்துப்போச்சு. அப்டேட் பண்ணேன், கறுப்பாயிடுச்சு. ஃபார்மட் பண்ணிடட்டுமா?"

"உள்ளே என்ன வெச்சிருக்கீங்க?"

"மூணு வருஷக் கணக்கு வழக்கு. அப்புறம்... அப்பாவோட கடைசி போட்டோ எல்லாம் அதுலதான்."

"காப்பி?"

பதில் இல்லை.

"மொதல்ல அந்தப் பென்டிரைவைக் கீழே வைங்க."

அவருக்குச் சொன்ன வரிசையையே உங்களுக்கும் சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டியவை.

ஒன்று: மெஷினை ஆன் செய்ததும் எஸ்கேப் (பழைய மெஷினில் ஷிஃப்ட்) அமுக்கி க்ரப் மெனுவை வரவழையுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிட்டால் பாதி நோய் தெரிந்துவிட்டது: புதுக் கெர்னலுக்கும் டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. வரவில்லையென்றால், அதே மெனுவில் 'இ' அமுக்கி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒட்டாகச் சேர்த்து எஃப்10 தட்டுங்கள். படம் சுமாராக இருக்கும். பெண் பார்க்கவா போகிறோம்? இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான்.

இரண்டு: படம் வந்ததும் டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் காப்பி எடுங்கள். போட்டோ, கணக்கு, எல்லாம். பிறகுதான் வீரம்.

மூன்று: டெர்மினலில் 'டிஎஃப் மைனஸ் எச்'. டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் அந்தப் பாஸ்வேர்டு குசும்பு வரும். பாவம், டிரைவர் மேல் பழி போடக் கூடாது.

நான்கு: மறுபடி புதுக் கெர்னலில் போய், எஃப்3 திரையில் 'எல்எஸ்பிசிஐ மைனஸ் கே' அடியுங்கள். கார்டின் பெயருக்குக் கீழே எந்த டிரைவர் வேலை பார்க்கிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் கார்டு துபாஷி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து: 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்'. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப டிரைவரைத் திரும்பத் தைத்துக் கொடுக்கிற டெய்லர்தான் டிகேஎம்எஸ். பட்டியலில் புதுக் கெர்னலின் எண் இல்லையென்றால் சட்டை தைக்கப்படவில்லை. காரணம் பல சமயம் அளவு நோட்டு வராததுதான். அதாவது அந்தக் கெர்னலின் ஹெட்டர் பேக்கேஜ்.

நண்பர் கேஸ் இதுதான். பழைய கெர்னல் வழியாக உள்ளே போய், காப்பி எடுத்து, ஹெட்டரை இறக்கி, டிரைவரை மறுபடி நிறுவினார். பன்னிரண்டு மணிக்குள் படம் வந்துவிட்டது. "அப்பா சிரிக்கிறார் சார்" என்றார். மேற்கொண்டு பேச வரவில்லை அவருக்கு.

ஆறு: டிரைவர் தைத்தும் ஏறவில்லையா? வாசலில் செக்யூர் பூட் என்ற கூர்க்கா நிற்கிறாரா என்று பாருங்கள். கையெழுத்தில்லாத டிரைவரை அவர் உள்ளே விடமாட்டார். டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லியிருக்கும். அடுத்த தடவை மெஷின் கிளம்பும்போது நீலத் திரையொன்று வந்து அதைக் கேட்கும். டீ குடிக்கப் போய்விட்டால் பத்து விநாடி பார்த்துவிட்டு அது போய்விடும், கையெழுத்தும் பதிவாகாது. திரும்ப நிறுவி, இந்த முறை பக்கத்திலேயே உட்காருங்கள்.

கடைசியாக, வருமுன் காக்க மூன்று வார்த்தை. டிரைவரைக் கம்பெனி தளத்திலிருந்து தனியாக இறக்கிப் போடாமல், உங்கள் லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுங்கள். கெர்னலும் டிரைவரும் சேர்ந்து வருவார்கள். லினக்ஸுக்கென்றே புது மெஷின் வாங்குவதானால் வீட்டோடு மாப்பிள்ளைகளுக்கு முதல் மரியாதை கொடுங்கள். மறுநாள் காலையில் மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமென்றால், முந்தின ராத்திரி எந்த அப்டேட் வந்து கெஞ்சினாலும் 'நாளைக்கு வாப்பா' என்று சொல்லுங்கள்.

அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. மேனேஜர் கோபித்துக்கொள்வார்.