தோண்டுமுன் ஒரு கேள்வி

மகர்பட்டாவில் குடியிருக்கும் நாம், கால் பதிக்கும் மண்ணைப் பற்றிச் சிறிது சிந்திப்பது நலம். நூற்றுக்கும் மேற்பட்ட உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை ஒன்றுசேர்த்து உருவாக்கிய நகரியம் இது. அன்று ஏர் ஓடிய பூமி இது. இன்று இத்தகைய நகரங்களின் அடியில் மின்வடமும், குடிநீர்க் குழாயும், சாக்கடையும், தொலைபேசி இழையும் ஓடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத காரணத்தால் அவற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

சென்ற கோடையில் ஹடப்ஸர் பக்கம் ஒரு சுவருக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை பிடித்தவர் நம் நாட்டுப்புறத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர். இரண்டடி ஆழத்தில் வரிசையாக அடுக்கிய செங்கற்கள் தென்பட்டன. அருகில் நின்ற பெரியவர், "தம்பி, நிறுத்தப்பா! சும்மா கிடக்கிற மண்ணுக்குள்ளே செங்கல்லை யார் அடுக்கி வைப்பார்கள்?" என்று கூவினார். கல்லை நீக்கிப் பார்த்தால் மணல், மணலுக்குள் மின்வடம்! வேலை கொடுத்தவர் எவரையும் விசாரிக்கவில்லை. ஒரு பெரியவரின் அனுபவமே ஓர் உயிரைக் காத்தது.

நிற்க. ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு இது புதிதன்று. இருப்புப்பாதை ஓரம் சிக்னல் வடம் அறுந்தால், பாதுகாப்பின் பொருட்டுக் கைகாட்டி சிவப்புக்கு மாறும், வண்டிகள் நின்றுவிடும். ஆகவே அங்கு மண்வெட்டி எடுக்குமுன் சிக்னல், தொலைத்தொடர்பு, மின்சார இலாகாக்களைக் கலந்துகொள்ளும் முறை ஏற்பட்டிருக்கிறது. தெருவுக்கும் அம்முறை வேண்டாமா?

அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், உரியவர்கள் வந்து நிலத்தின்மீது வர்ணம் பூசிக் குறித்துச் செல்வார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை, ஆரஞ்சு தொலைத்தொடர்பு. நம் நாட்டிலும் 2023 மார்ச் 22-இல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் கைப்பேசிச் செயலி தொடங்கப்பெற்றது. தோண்டுபவர் இடத்தைத் தெரிவித்தால், அங்குள்ள குழாய், வடங்களின் உரிமையாளருக்குத் தகவல் போகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் முறை கண்ணாடியிழை வடங்கள் அறுபடுவதாகவும், அதனால் 3,000 கோடி ரூபாய் நட்டமென்றும் அரசாங்கம் அப்போது கூறிற்று.

பண நட்டத்தை ஈடு செய்யலாம், உயிரை? 2004 ஜூலை 30-இல் பெல்ஜியம் நாட்டின் கிஸ்லெங்கியன் என்னுமிடத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் மாண்டனர். முன்னர் நடந்த கட்டட வேலையில் இயந்திரம் பட்டு அக்குழாய் சேதமுற்றிருந்தது. சிறு கீறல்தானே என்று மண்ணை மூடிவிடலாகாது என்பதே அதன் பாடம்.

வடத்தைக் கண்டறியும் கருவி, மின்னோட்டத்தால் எழும் காந்தப்புலத்தை உணர்கிறது. பிளாஸ்டிக் குழாய் அதற்கு அகப்படாது. அதன்பொருட்டு ரேடார் கருவி உண்டு; ஆயினும் ஈரமான களிமண்ணில் அதன் அலைகள் ஆழம் செல்லா. புனேயின் கரிசலில் இதை மனத்திற்கொள்ள வேண்டும். ஆகவே கருவி காட்டிய இடத்தில் கையால் மெல்ல ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பதே உறுதி.

சங்க அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். கடை முகப்பானாலும், மரக்கன்றுக் குழியானாலும், ஆழ்துளைக் கிணறானாலும், நகரியத்தாரிடமும் மின்சார, எரிவாயு, குடிநீர் நிர்வாகங்களிடமும் கேட்டறிந்த பின்னரே ஆளை இறக்குங்கள். எச்சரிக்கை நாடாவோ செங்கல் வரிசையோ கண்டால் வேலையை நிறுத்துங்கள். வாயு நாற்றம் வந்தால் நெருப்பையும் சுவிட்சையும் தொடாது விலகி, உடனே தெரிவியுங்கள்.

குழிக்குள் நிற்பவனை நம்பி ஊரில் ஒரு குடும்பம் உலை வைத்துக் காத்திருக்கிறது. ஒரு நாள் தாமதம் அதைவிடப் பெரிதன்று.