எய்தவனைத் தேடும் வாக்கு

2025 மே 1-ஆம் தேதி வடக்கு இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகர மக்கள் வாக்குச்சாவடியில் இரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். ஒன்று மேயருக்கு, மற்றொன்று கவுன்சிலர்களுக்கு. 2013 முதல் மேயராக இருக்கும் தொழிற்கட்சியின் ராஸ் ஜோன்ஸை 698 வாக்கு வித்தியாசத்தில் மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கவுன்சிலையோ நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஜெயித்த கையோடு ராஸ் ஜோன்ஸ் குறை சொன்னது சொந்தக் கட்சியின் பிரதமர் கியர் ஸ்டார்மரைத்தான். முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் கிடைத்த எரிபொருள் உதவித்தொகையை வெட்டியது, தொழில் நடத்துவோர் கட்டும் தேசியக் காப்பீட்டுப் பங்கை உயர்த்தியது, மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் கைவைத்தது என்று பட்டியல் நீண்டது. இவற்றில் ஒன்றுகூட டான்காஸ்டர் கவுன்சில் எடுத்த முடிவு அல்ல.

2026 மே 7-ஆம் தேதி லண்டனின் 32 உள்ளாட்சிகள், பர்மிங்ஹாம் உட்பட இங்கிலாந்தின் பல நகரங்கள் வாக்களிக்கவிருக்கின்றன. இப்படி ஒவ்வொரு தேர்தலும் நெருங்கும்போது ஒரு புலம்பல் கேட்கும். குப்பை, சாலைக்குழி, நூலகம், முதியோர் பராமரிப்பு என்று ஊர்க்காரியங்களுக்காக நடக்கும் தேர்தலை மக்கள் பிரதமர் மேலுள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள், ஓடியாடி உழைத்த கவுன்சிலர்கள் அநியாயமாகத் தோற்கிறார்கள் என்பது அந்தப் புலம்பல். எய்தவன் இருக்க அம்பை நோவது என்று இதற்கு நாம் பெயர் வைத்துவிடலாம். ஆனால் வாக்காளர் அவ்வளவு விவரம் கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் கவுன்சிலின் பணப்பைக்கு முடிச்சுப் போட்டு வைத்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் மத்திய அரசு. அந்த முடிச்சு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தேதான் பெரும்பாலோர் வாக்களிக்கிறார்கள். ஊர் நிர்வாகமே கண்ணுக்குத் தெரியும்படி கெட்டுப்போன இடங்களில் அதற்குத் தனியாகத் தண்டனை கொடுக்கவும் அவர்கள் தவறுவதில்லை.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2010-இல் டேவிட் கேமரன் அரசு தொடங்கிய சிக்கன நடவடிக்கையின் முதல் பலி உள்ளாட்சிகள்தான். 2010-11 முதல் 2017-18 வரையிலான காலத்தில் கவுன்சில்களுக்கு மத்திய அரசு தரும் நிதி, விலைவாசியைக் கணக்கில் கொண்டால், 49.1 சதவீதம் சரிந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகமே 2018-இல் அறிக்கை கொடுத்தது. சரிந்ததை வரியால் ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் பூட்டு உண்டு. சமூகப் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் ஆண்டுக்கு 4.99 சதவீதத்துக்கு மேல் கவுன்சில் வரியை உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது அமைச்சரின் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அந்த வரியே இங்கிலாந்தில் இன்றும் 1991-ஆம் ஆண்டு வீட்டு மதிப்பை வைத்துத்தான் போடப்படுகிறது. மறுமதிப்பீடு செய்யும் துணிச்சல் அதன்பிறகு எந்த அரசுக்கும் வரவில்லை. செலவுப் பக்கத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெற்றோரின் பொறுப்பில் விடமுடியாத குழந்தைகள் ஆகியோரைக் கவனிப்பது சட்டப்படி கட்டாயம். இந்தச் செலவு ஏற ஏற நூலகமும் இளைஞர் மன்றமும் பூங்காவும் சுருங்குகின்றன. சொந்த வீட்டில் முதியவரோ மாற்றுத்திறனாளியோ இல்லாத ஒரு குடும்பத்தின் கண்ணில் படுவது கூடும் வரியும் குறையும் வசதியும் மட்டுமே. அவர்கள் கோபப்படுவதில் என்ன வியப்பு?

இதற்கு உடனே ஓர் எதிர்வாதம் வரும். கோபம் ஆளும் கட்சி மேல்தான் என்றால், 2025-இல் அதிகம் அடி வாங்கியது எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியாக இருந்தது எப்படி? அன்று 23 கவுன்சில்களில் 1,600-க்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. கன்சர்வேட்டிவ்கள் 674 இடங்களை இழந்தார்கள். 677 இடங்களைப் பிடித்த ரிஃபார்ம், பத்து கவுன்சில்களில் பெரும்பான்மை பெற்றது. ஆளும் தொழிற்கட்சி இழந்தது 187 தான். இந்தக் கேள்விக்குப் பாதி விடை கணக்கிலேயே இருக்கிறது. அந்த இடங்களுக்கு முந்தைய தேர்தல் நடந்தது 2021-இல். தடுப்பூசித் திட்டம் வேகமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது, போரிஸ் ஜான்சனின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர்கள் கன்சர்வேட்டிவ்களே. தொழிற்கட்சியிடம் இழக்க அதிகம் இல்லை. 2025-இல் அது காக்க வேண்டியிருந்தது சுமார் 285 இடங்களைத்தான். மீதி விடை வாக்காளரின் நினைவில் இருக்கிறது. 14 ஆண்டுகள் ஆண்டவர்களையும் அவர்களுக்குப் பின் வந்து பத்து மாதம் ஆண்டவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். நாடு முழுவதும் தேர்தல் நடந்திருந்தால் என்று பிபிசி அன்று கணித்த வாக்கு விகிதத்தில் தொழிற்கட்சிக்கு 20, கன்சர்வேட்டிவுக்கு 15. ஒரு நூற்றாண்டாக மாறிமாறி ஆண்டுவந்த இரண்டும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. எல்லாம் தேசிய அலைதான் என்றால் உள்ளூரில் நல்ல நிர்வாகம் நடத்துவதில் அர்த்தமே இல்லையா? 1990 மே மாதத் தேர்தலைப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட தலைவரியால் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் நடந்திருந்தது. நாடெங்கும் மார்கரெட் தாட்சரின் கட்சி தோற்றபோது, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வொர்த் என்ற இரண்டு கவுன்சில்களில் அது முன்னைவிடப் பலமாக வென்றது. அங்கே தலைவரி மிகக் குறைவு. கட்சி அமைப்பின் சேர்மனாக இருந்த கென்னத் பேக்கர் இந்த இரண்டு பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லி மொத்தத் தோல்வியையும் வெற்றிபோலக் காட்டிவிட்டார். (வெஸ்ட்மின்ஸ்டரில் ஷெர்லி போர்ட்டரின் நிர்வாகம் கவுன்சில் வீடுகளை விற்று, சில வார்டுகளின் வாக்காளர்களையே மாற்றப் பார்த்த விவகாரத்தை 2001-இல் பிரபுக்கள் சபை முறைகேடு என்று தீர்ப்பளித்தது தனிக்கதை.) அதே வாண்ட்ஸ்வொர்த், நாட்டிலேயே மிகக் குறைந்த கவுன்சில் வரி வாங்கும் இடங்களில் ஒன்று என்ற பெருமையோடு 44 ஆண்டுகள் கன்சர்வேட்டிவ் கோட்டையாக இருந்துவிட்டு, 2022-இல் விழுந்தது. ஊரடங்குக் காலத்தில் பிரதமரின் டவுனிங் தெரு அலுவலகத்தில் நடந்த விருந்துகளின் அவமானத்தை அந்த வரிச்சலுகையால் மூட முடியவில்லை. ஆனால் அதே நாளில், அதே நகரத்தில், ஹாரோ கவுன்சிலைக் கன்சர்வேட்டிவ்கள் தொழிற்கட்சியிடமிருந்து பறித்தார்கள். 2020-இல் கஜானா காலி என்று அறிவித்த க்ராய்டனில் கன்சர்வேட்டிவ் வேட்பாளரே மேயரானார். அந்தத் திவாலுக்குக் காரணமான நிர்வாகம் தொழிற்கட்சியினுடையது.

அலைக்கு எதிராக இப்படி நிற்கும் இடங்கள் தற்செயல் அல்ல என்பது என் கணிப்பு. கவுன்சிலின் தவறும் வெஸ்ட்மின்ஸ்டரின் தவறும் பிரித்தறிய முடியாமல் கலந்துகிடக்கும் வரை வாக்காளர் பெரிய முதலாளியைத்தான் அடிப்பார். க்ராய்டன் போலப் பிரித்துக் காட்டக்கூடிய சேதம் நடந்தால் சின்ன முதலாளியை அடிப்பார். சாதாரணமாக நல்ல நிர்வாகம் நடத்தும் கவுன்சிலருக்கு இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. அவருடைய வேலை நன்றாக நடக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. அதோடு கவுண்டிப் பகுதிகளில் சாலையும் முதியோர் பராமரிப்பும் ஒரு கவுன்சில், குப்பை வேறொரு கவுன்சில் என்ற இரட்டை அடுக்கு வேறு. குப்பை அள்ளாததற்குக் கவுண்டி கவுன்சிலரிடம் சண்டைக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வாக்குப்பதிவு குறைவாக இருக்கும் தேர்தலை வைத்து மக்கள் மனநிலையைப் பேசலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2024 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள் என்றால், கவுன்சில் தேர்தலுக்கு வருவது மூவரில் ஒருவர் அளவுதான். வருகிறவர்களில் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள் அதிகம். வாடகை வீட்டு இளைஞர்கள் குறைவு. குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டியது தொழிற்கட்சிக்குக் கவுன்சில் தேர்தலில் அவ்வளவு சுட்டதற்கு இதுவே காரணம்: உதவியை இழந்தவர்களும் தவறாமல் வாக்களிக்க வருபவர்களும் ஒரே ஆட்கள். 2025 ஜூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்ட் வரை உள்ள முதியவர்களுக்கு அதைத் திரும்பக் கொடுத்தது. தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு! இன்னொரு பக்கம், இந்த வாக்குரிமை பலரும் நினைப்பதைவிட அகலமானது. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் எல்லோருக்கும் அது உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களும் பெயரைப் பதிவு செய்திருந்தால் ஹாரோவிலோ நியூஹாமிலோ வாக்களிக்கலாம். அடையாள அட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். 2023-இல் அந்த விதி வந்த முதல் தேர்தலிலேயே சுமார் 14,000 பேர் வாக்களிக்க முடியாமல் திரும்பினார்கள்.

ஒன்றை மட்டும் இந்த முடிவுகளிலிருந்து எடுக்கக்கூடாது: அடுத்த பொதுத்தேர்தலுக்கான ஜோசியம். 2013-இல் ஃபராஜின் அன்றைய கட்சியான யூகிப் நாட்டளவில் 23 சதவீதத்துக்குச் சமமான ஆதரவைப் பெற்றதாகக் கணித்தார்கள். இரண்டே ஆண்டில், பொதுத்தேர்தலில் அது 12.6 சதவீதமாகச் சுருங்கி ஒரே ஓர் இடம் பிடித்தது. 2019 மே மாதம் கன்சர்வேட்டிவ்கள் 1,300-க்கும் மேற்பட்ட கவுன்சில் இடங்களை இழந்தார்கள், தெரசா மே பதவியை விட்டுப் போனார், டிசம்பரில் அதே கட்சி 80 இடப் பெரும்பான்மையுடன் ஆட்சியைப் பிடித்தது. கவுன்சில் வாக்கு இன்றைய எரிச்சலைச் சரியாகச் சொல்லும். நாளைக்கு யாரை ஆளவிடுவது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

அப்படியானால் மே 7-இல் கட்சிகளின் நிலை என்ன? தொழிற்கட்சிக்கு இது கடினமான களம். லண்டனில் 2022-இல் 32-இல் 21 கவுன்சில்களை வென்றது. இம்முறை இழப்பதற்கு நிறைய வைத்திருப்பது அதுதான். எதிரி ஒருவராக இருந்தால் சமாளிக்கலாம். கிழக்கு ஓரத்தில் ஹேவரிங், பெக்ஸ்லி பக்கம் ரிஃபார்ம், நகரின் நடுப்பகுதியில் சாக் போலன்ஸ்கி தலைமையில் சுறுசுறுப்பாகிவிட்ட பசுமைக் கட்சி, தென்மேற்கில் வேரூன்றிய லிபரல் டெமாக்ரட்டுகள், காசாவைப் பற்றிய கோபம் ஆறாத வார்டுகளில் சுயேச்சைகள் என்று ஒவ்வொரு திசையிலும் ஒருவர் நிற்கிறார். அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிக்கும் முறையில் ஐந்து முனைப் போட்டி விசித்திரமான முடிவுகளைத் தரும். மேற்கு இங்கிலாந்து மேயர் பதவியைத் தொழிற்கட்சி 2025-இல் பிடித்தது வெறும் 25 சதவீத வாக்கில். ரிஃபார்ம் அன்று 30 சதவீத ஆதரவில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட இடங்களை அள்ளியது. ஆக, யார் எத்தனை கவுன்சில் பிடித்தார்கள் என்பதைவிட, அக்கம்பக்கத்துக் கவுன்சில்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு சரிவு என்றால் தீர்ப்பு ஸ்டார்மருக்கு. க்ராய்டனும் வாண்ட்ஸ்வொர்த்தும் ஹாரோவும் ஆளுக்கொரு திசையில் போனால் ஊர்க்கணக்கும் பார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ரிஃபார்முக்கு ஒரு சங்கடம் ஏற்கெனவே வந்துவிட்டது. கன்சர்வேட்டிவ்களிடம் 1997 முதல் இருந்த கென்ட் கவுண்டியை 81-இல் 57 இடங்களுடன் பிடித்து, வீண்செலவைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் ஈலான் மஸ்க் நடத்திய துறையின் பெயரிலேயே ஒரு குழுவை அனுப்பியது. அங்கே செலவின் பெரும்பகுதி சட்டம் கட்டாயமாக்கிய பராமரிப்பு. அதை வீண்செலவு என்று வெட்டினால் நீதிமன்றத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமில் ஜெயிக்கப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். பெண் ஊழியர்களுக்குத் தரவேண்டிய சம ஊதிய நிலுவையாலும் சொதப்பிய கணினித் திட்டத்தாலும் 2023 செப்டம்பரில் திவால் அறிவிப்பு வெளியிட்ட அந்த மாநகராட்சி, இரண்டு ஆண்டுகளில் வரியை முதலில் 9.99, பிறகு 7.49 சதவீதம் உயர்த்தியது. 2025 மார்ச்சில் துப்புரவுத் தொழிலாளர்களின் முழு வேலைநிறுத்தத்தில் 17,000 டன் குப்பை தெருவில் குவிந்தது. 101 இடங்களுக்கும் இப்போது ஒரே நாளில் தேர்தல். எந்தக் கட்சி வென்றாலும், 2023 அக்டோபரில் ஐந்து ஆண்டுகளுக்கென்று மத்திய அரசு நியமித்த ஆணையர்களின் மேற்பார்வையில்தான் அது தன் முதல் வரவுசெலவுத் திட்டத்தைப் போட வேண்டியிருக்கும்.