விழுவதற்கென்றே எழுந்த பாலம்

யட்டியாந்தோட்டையிலிருந்து ஹட்டன் வீதியில் மேலேறினால் றப்பர் தோட்டங்களை ஒட்டிக் களனி கங்கையும் கூடவே வரும். அப்படியே போனால் கித்துள்கல. அங்கே ஆற்றின் குறுக்கே 1956இல் ஒரு மரப்பாலம் கட்டத் தொடங்கினார்கள். நீளம் சுமார் 425 அடி. வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்தன. உள்ளூர்த் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் மாதக்கணக்காக உழைத்தார்கள். 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற சாகசப் படத்துக்காக எழுந்து விழுந்த பாலம் அது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது.

மூலக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். பொறியியல் படித்த பூல், போருக்கு முன் மலாயாவின் றப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர் பகைவனுக்காகவே ஒரு ரயில் பாலம் கட்டுவதும், அதைத் தகர்க்க இன்னொரு குழு காட்டுவழியே வருவதும்தான் கதை. நாவலின் முடிவில் பாலம் விழுவதில்லை. படத்திலோ ரயிலோடு சேர்ந்து விழுகிறது. அந்த மாற்றம்தான் கித்துள்கலையில் ஒரு பெரிய பொறியியல் வேலையை உண்டாக்கியது.

யட்டியாந்தோட்டைக்கு 1903இல் வந்த சிறிய கோச்சிப் பாதை, இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் அகற்றப்பட்டது. அதற்கு மேலே கித்துள்கலைக்கு ரயில் போனதே இல்லை. படத்துக்காக அங்கே தண்டவாளம் போட்டு, உண்மையான நீராவி எஞ்சினையும் பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள். பலகையில் வரைந்த பாலம் எஞ்சினைத் தாங்காது. ஆகவே இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஹஸ்பண்ட் கம்பனியின் பொறியியலாளர்கள் வேலையில் இறங்கினார்கள். ஜோட்ரல் பாங்கில் 1957இல் இயங்கத் தொடங்கிய மாபெரும் வானொலித் தொலைநோக்கியை வடிவமைத்ததும் அதே கம்பனிதான்.

அவர்கள் தேர்ந்த முறைக்குக் கான்டிலீவர் என்று பெயர். ஒரு முனை இறுகப் பிடிபட்டிருக்க, மறுமுனை அந்தரத்தில் நீளும் கைதான் கான்டிலீவர். ஒரு கோபுரத்திலிருந்து இரு பக்கமும் சமமாகக் கை நீட்டினால் ஒரு கையின் பாரத்தை மற்றது ஈடுசெய்யும். எதிரெதிர்க் கோபுரங்களின் கைகள் ஆற்றின் மேல் நெருங்கும்போது நடுவில் மிஞ்சும் இடைவெளி குறுகிவிடுகிறது. அதைச் சிறிய உத்தரங்களால் இணைத்துவிடலாம். வெள்ளம் சீறும் ஆற்றுக்கு இது பொருத்தமான வழி. இமயமலைப் பள்ளத்தாக்குகளில் மரத்தாலேயே இப்படிப் பாலம் கட்டும் பழக்கம் மிகப் பழையது.

இந்த முறையில் உலகப் புகழ் பெற்றது, 1890இல் திறக்கப்பட்ட ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம். அது எப்படி நிற்கிறது என்பதை அதன் பொறியியலாளர் பெஞ்சமின் பேக்கர் மனிதர்களை வைத்தே விளக்கினார். இருவர் கதிரைகளில் உட்கார்ந்து கைகளை விரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கையும் பிடித்திருந்த கோலின் அடிமுனை கதிரையில் ஊன்றியிருந்தது. வெளிப்பக்கக் கைகளில் செங்கற்களைக் கட்டினார்கள். உட்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகை, அதன்மேல் மூன்றாவது மனிதர். அவர் பாரத்தால் கைகள் இழுபட்டன, கோல்கள் அழுத்தப்பட்டன, செங்கற்கள் சமன் செய்தன. அவ்வளவுதான் பாலம். அந்த மூன்றாவது மனிதர் கைச்சி வத்தனபே என்ற ஜப்பானியப் பொறியியலாளர்.

மரம் இந்த வேலைக்கு நல்ல துணை. இழையோட்டத்தின் திசையில் வரும் இழுப்பையும் அழுத்தத்தையும் அது நன்றாகத் தாங்கும். சட்டங்களைச் சதுரமாக மட்டும் இணைத்தால் பக்கவாட்டுத் தள்ளலில் சரிந்துவிடும். குறுக்கே ஒரு சட்டம் வைத்து முக்கோணங்களாக்கினால் உரு மாறாது. மரப்பாலங்களில் குறுக்குச் சட்டங்கள் அத்தனை நெருக்கமாக இருப்பதன் காரணம் இதுதான்.

பாலத்தைத் தாங்குவது எது என்று தெரிந்தவருக்குத்தான் எதை அறுத்தால் விழும் என்பதும் தெரியும். ஆனால் கித்துள்கலையில் கடினமானது விழும் கணம். ரயில் பாலத்தின்மேல் இருக்கும் சில விநாடிகளுக்குள் வெடிக்க வேண்டும். அதற்குள் பல இடங்களில் கமராக்களை ஓடவிட்ட ஒளிப்பதிவாளர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சமிக்ஞை தர வேண்டும். முதல் முயற்சியில் ஒருவரிடமிருந்து சமிக்ஞை வரவில்லை. லீன் வெடிப்பை நிறுத்தினார். ரயில் பாலத்தைக் கடந்து மறுகரையில் மோதியது. அதைச் சீர்செய்து மறுநாள் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க முன்னிலையில் தகர்த்தார்கள். ஒரு மனித உயிருக்காக அவ்வளவு பெரிய செலவைப் பணயம் வைத்த அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

படம் சொல்லும் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானியப் பொறியியலாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை என்று படம் காட்டுகிறது. ஆனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 1943இல் கட்டப்பட்ட பாலங்கள் ஜப்பானிய இராணுவப் பொறியியலாளர்களின் வேலை. அந்தப் பாலங்கள் இருந்த, ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா ரயில் பாதையைக் கட்டும்போது 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெருந்தொகையானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அவர்களைப் பற்றியது.

கித்துள்கலையில் இன்று மிஞ்சியிருப்பவை பாலத்தின் கொங்கிறீட் அடித்தளங்கள். அவற்றைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இரண்டு கதிரை, நான்கு கோல், கொஞ்சம் செங்கல், ஒரு பலகை கொண்டு பேக்கரின் விளக்கத்தை வகுப்பறையில் செய்துகாட்டலாம். சண்முகத்தின் நாவலையும் அறிமுகப்படுத்தலாம். பாலம் எப்படி நிற்கிறது என்பதோடு, அதைக் கட்டி மாண்டவர்கள் யார் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.