பழைய பாணி மின் பேஸ் கிற்றார்
மரம், உருக்கு, செப்புக் கம்பிச் சுருள்

அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் வடிவத்தைப் பின்பற்றிய, நெடுங்காலம் வாசிக்கப்பட்ட கருவி இது. ஆளுயர டபுள் பேஸை மேடைக்கு மேடை சுமந்த சிரமத்தை இவ்வடிவம் தீர்த்தது.

தந்திகள் நான்கு. அவற்றின் அதிரும் நீளம் சுமார் 86 சென்ரிமீற்றர். சாதாரண கிற்றாரில் ஏறத்தாழ 65. ஆகவே இடக்கை விரல்கள் நன்கு விரிய வேண்டும். மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வைக் காந்தச் சுருள் மின் அலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. கழுத்துப் பக்கமாக மீட்டினால் ஒலி திரண்டு வரும். கீழ்ப்பாலத்தை அண்டி மீட்டினால் இறுகித் தெறிக்கும். பழகிய தந்தியில் கூர்மை தணிந்து நாதம் கனியும். பழைய பேஸை விரும்புவோர் தேடுவது இந்த நாதத்தையே.

பாட்டையும் தாளத்தையும் கட்டி நிறுத்துவது பேஸ். பைலாவின் துள்ளல் நடையில் அதன் அருமை நன்றாகத் தெரியும். திருகோணமலையில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் பைலாவோடு உறவுள்ள கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையை வயலின், கிற்றாருடன் பேணி வந்தனர். ஈழத்துத் தமிழ் மெல்லிசையின் முன்னோடிகளான பரமேஷ், கோணேஷ் சகோதரர்களும் இவ்வூரவர்களே.

கைவியர்வையும் துறைமுகத்து உப்புக்காற்றும் உருக்குத் தந்திகளைத் துருவேற்றும். கருவியைத் தொடாமல் பாருங்கள்.