ஒரு பாத்திரம் மாறும்போது: ‘ஜொனாதன் இன் இங்கிலாண்ட்’ நாடகமும் தழுவலின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஹென்றி ஹாக்கெட், இளைய ஜார்ஜ் கோல்மன் எழுதிய ஆங்கில இன்பியல் நாடகமொன்றில் ஒரு பாத்திரத்தை மட்டும் மாற்றி 1828ஆம் ஆண்டு நியூயார்க்கில் மேடையேற்றினார். கதையமைப்பைப் பெரிதும் மாற்றாத இத்தழுவல் எவ்வாறு அமெரிக்க நாடகமாகக் கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தழுவலின் அளவைவிட, அது நிகழும் இடமே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தழுவல், வழிநூல், யாங்கி, ஹாக்கெட், கோல்மன், நாடகத் தணிக்கை

முன்னுரை

முதல்நூலின் முடிவோடு ஒத்து நின்று, பின்வந்தோன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்துச் செய்வது வழிநூல் என நன்னூலார் வகுக்கிறார். எவ்வளவு வேறுபாடு இருந்தால் அது வழிநூலாகும் என்ற அளவினை அவர் குறிப்பிடவில்லை. மேடை நாடகத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் சிக்கலாகிறது. நாடகப் பனுவல் நடிகரின் உடலிலும் குரலிலும் நிறைவடைவதால், சில பக்கங்களின் மாற்றம்கூட முழு நாடகத்தின் நோக்கையும் திருப்பிவிட இயலும். இதற்குத் தக்க சான்றாக ஹாக்கெட்டின் தழுவல் அமைகிறது.

ஜொனாதன் என்னும் வகைமாதிரி

புதிய இங்கிலாந்துப் பகுதியின் நாட்டுப்புறத்தானைக் குறிக்கும் ‘யாங்கி’ப் பாத்திரம் அமெரிக்க மேடையில் ஹாக்கெட்டுக்கு முன்பே தோன்றியிருந்தது. ராயல் டைலரின் ‘தி கான்ட்ராஸ்ட்’ 1787 ஏப்ரல் 16 அன்று நியூயார்க் ஜான் தெரு அரங்கில் நடிக்கப்பட்டது. இந்நாடகத்தில் வரும் ஜொனாதன் ஒரு படைத்தலைவரின் பணியாள். எனினும் தன்னை வேலைக்காரன் என்று அழைப்பதை அவன் ஏற்பதில்லை. நாடக அரங்கம் என்று அறியாமலே அரங்கினுள் நுழைந்து, பக்கத்து வீட்டு நிகழ்ச்சிகளைக் காண்பதாக எண்ணிக்கொள்கிறான். அவன் அங்கே காண்பது ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்’ (1777) நாடகமாகும்.

டைலர் தமக்கு முன்மாதிரியாக இருந்த ஆங்கில நாடகத்தையே தம் நாடகத்தினுள் ஒரு நகைப்புப் பொருளாக்கினார். அவர் ஷெரிடனிடமிருந்து நாடக முறைமையைப் பெற்றார், கதையைப் பெறவில்லை. எனவே இதனைத் தாக்கம் என்று கூறலாமேயன்றித் தழுவல் என்று கூறுதல் பொருந்தாது. முதல் ஜொனாதனாக நடித்த தாமஸ் விக்னெல் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதும் கருதத்தக்கது.

இங்கிலாந்தின் பார்வையில் அமெரிக்கர்

ஆங்கில நகைச்சுவை நடிகர் சார்ல்ஸ் மேத்யூஸ் 1822–23இல் அமெரிக்காவில் பயணம் செய்தார். திரும்பியபின் 1824இல் லண்டனில், தம் பயணத்தைப் பொருளாகக் கொண்ட தனிநபர் நிகழ்ச்சியொன்றை நடத்தினார். அதே ஆண்டில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய ‘ஜொனாதன் இன் இங்கிலாண்ட்’ என்னும் கேலி நாடகத்திலும் நடித்தார். விடுதலையைப் பற்றி ஓயாது பேசிக்கொண்டே அடிமையை உடைமையாக வைத்திருக்கும் அமெரிக்கரின் முரண்பாடு அந்நாடகத்தில் எள்ளப்பட்டது. இவ்வாறு அமெரிக்கர் எத்தகையர் என்பதை லண்டன் மேடையில் ஆங்கிலேயரே வரையறுத்தனர்.

வணிகத்தில் நலிவுற்று 1826இல் நடிப்புக்கு வந்த ஹாக்கெட், மறு ஆண்டு லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் யாங்கிக் கதைகளைச் சொல்லி நடித்தார். அங்கு அவருக்குப் போதிய வரவேற்புக் கிட்டவில்லை. தனிக்கதையாகச் சொல்லப்பட்ட யாங்கிக்கு ஒரு நாடகச் சூழல் தேவைப்பட்டது.

மாற்றப்பட்ட பாத்திரம்

அச்சூழலை ஹாக்கெட் ஓர் ஆங்கில நாடகத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். கோல்மனின் ‘ஹூ வான்ட்ஸ் எ கினி?’ 1805இல் கோவென்ட் கார்டனில் அரங்கேறியது. அதில் வரும் சாலமன் கண்டி, தன் பேச்சில் பிரெஞ்சுச் சொற்களைக் கலந்து பேசும் நகைச்சுவைப் பாத்திரம். பலவற்றைக் கலந்து செய்யும் ஓர் உணவின் ஆங்கிலப் பெயரை அவன் பெயர் ஒத்தொலிக்கிறது. ஹாக்கெட் அவனை நீக்கிவிட்டு, அவனிடத்தில் சாலமன் ஸ்வாப் என்னும் யாங்கியை வைத்தார். ஸ்வாப் என்றால் பண்டமாற்று. பேரம் பேசுதலே இவனது இயல்பு என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

கதைப்பின்னலும் இங்கிலாந்துக் களமும் பெரிதும் அவ்வாறே நின்றன. ஆனால் நோக்கு மாறியது. மூலத்தில் ஆங்கிலச் சமூகத்தினர் தமக்குள் ஒருவனைப் பார்த்து நகைத்தனர். தழுவலிலோ அச்சமூகத்தினுள் ஓர் அயலான் நின்று பேசுகிறான். அவனைக் கண்டு நகைக்கும் அமெரிக்கப் பார்வையாளர், அவனோடு சேர்ந்து ஆங்கிலேயரையும் வேடிக்கை பார்க்கின்றனர். பீக்கின் கேலி நாடகத்திற்குரிய ‘ஜொனாதன் இன் இங்கிலாண்ட்’ என்ற பெயரே இத்தழுவலுக்கும் வழங்கியது. அயலார் சூட்டிய கேலிப்பெயர் இவ்வாறு மீட்கப்பட்டது எனலாம்.

உரிமையும் தணிக்கையும்

இத்தகைய மாற்றத்திற்குச் சட்டமும் இடமளித்தது. அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குடிமக்களுக்கும் அந்நாட்டில் வாழ்வோருக்கும் மட்டுமே பாதுகாப்பு வழங்கியது. அயல்நாட்டு எழுத்தாளர்கள் 1891 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலோ 1737ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நாடகங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும். ஹாக்கெட்டின் தழுவலை லண்டனில் நடிக்க அனுமதி வேண்டியபோது, நாடகங்களை ஆய்ந்து பரிந்துரைக்கும் பதவியில் இருந்தவர் கோல்மனே. 1824 முதல் 1836இல் தாம் மறையும்வரை அவர் அப்பதவி வகித்தார். வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலி ஹாக்கெட் என்னும் பெயரில் இருப்பதால், இவ்வேலைக்கு அது மிகப் பொருத்தமான பெயர் என்று எள்ளினார். பிறர் நாடகம் இவ்வாறு சிதைக்கப்பட்டிருந்தால் மேலிடத்தில் முறையிட்டிருப்பேன் என்றும், சிதைக்கப்பட்டது தம்முடையதாதலால் அனுமதிக்கப் பரிந்துரைப்பேன் என்றும் எழுதினார். மூலத்தின் ஆசிரியரே தழுவலுக்கு அனுமதி வழங்கும் அலுவலராகவும் அமைந்த இந்நிகழ்வு, தழுவலின் உரிமை பற்றிய விவாதத்தில் தனித்துக் கருதத்தக்கது.

தழுவலுக்கு அப்பால்

பாத்திர மாற்றத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஆங்கிலக் கதையில் பொருத்தப்பட்ட யாங்கி, நடிகர் ஒருவரின் தனித்திறனைக் காட்டும் வாய்ப்பாகவே நின்றுவிடக்கூடும். ஹாக்கெட் 1830இல் அமெரிக்க இன்பியல் நாடகத்திற்குப் பரிசு அறிவித்தார். ஜேம்ஸ் கிர்க் பால்டிங்கின் ‘தி லயன் ஆஃப் தி வெஸ்ட்’ பரிசு பெற்று 1831இல் மேடையேறியது. அதுவும் பின்னர் ஜான் அகஸ்டஸ் ஸ்டோன், வில்லியம் பெய்ல் பெர்னார்ட் ஆகியோரால் அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. 1833இல் லண்டனில் நடிக்கப்பட்ட பெர்னார்டின் வடிவமே எஞ்சியது. தணிக்கைக்காக அளிக்கப்பட்ட கைப்படி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1954இல் பதிப்பிக்கப்பெற்றது. அமெரிக்கப் பரிசு நாடகமொன்றைக் காத்து வைத்தது ஆங்கிலேயத் தணிக்கைத் துறையே ஆகும்.

முடிவுரை

நன்னூலார் கூறும் இலக்கணப்படி நோக்கினால் ஹாக்கெட்டின் நாடகம் வழிநூலே. எனினும் அவர் செய்த வேறுபாடு கதையில் அன்று, கதையைக் காணும் கண்ணில் நிகழ்ந்தது. ஆகவே நாடகத் தழுவல்களை ஆராய்வோர் மாற்றப்பட்ட காட்சிகளை எண்ணிக் கணக்கிடுவதோடு அமையாமல், யார் யாரைப் பார்த்து நகைக்கின்றனர் என்ற வினாவையும் மூலத்திற்கும் தழுவலுக்கும் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். அவ்விரு விடைகளும் வேறுபடும் இடத்தில், ஒரே ஒரு பாத்திரம் மாறியிருப்பினும், புதிய நாடகம் தோன்றிவிட்டது எனக் கொள்ளலாம்.