மொத்தம் 12.6 வோல்ட், ஆனால் ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு?

2023 மார்ச் 31-க்குப் பிறகு வீட்டில் கட்டிய பேட்டரி பேக் எல்லாம் சட்டவிரோதமா என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன. கேட்டவர்களில் பலர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேட்டரி செல்களும் நிக்கல் பட்டையும் வாங்கி, பழைய சைக்கிளுக்கோ கரண்ட் போனால் வைஃபைக்கோ பேக் கட்டிக்கொண்டவர்கள். பதில்: இல்லை. அன்று அமலானது, மின்சார வண்டி பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரநிலைத் திருத்தத்தின் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-இலேயே வந்துவிட்டது. இரண்டும் மின்சார இருசக்கர, மூன்று சக்கர வண்டி தயாரிப்பாளர்களுக்கானவை. உங்கள் மேஜை மேல் இருக்கும் பேக்கை அந்தத் தரநிலை கேள்வி கேட்காது; காப்பாற்றவும் செய்யாது.

திருத்தம் வந்ததற்குக் காரணம், 2022 கோடையில் அடுத்தடுத்து எரிந்த ஸ்கூட்டர்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். அது வீட்டில் கட்டிய பேக் அல்ல, கடையில் வாங்கிய வண்டி. ஏஐஎஸ் சான்று இருந்தால் பேட்டரி பத்திரம் என்று விளம்பரங்கள் சொல்லும். சோதனைக்கு அனுப்பிய மாதிரி தேறிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இனி, என் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். மூன்று லித்தியம் அயான் செல்களைச் சீரிஸில் கோத்து, 12.6 வோல்ட் சார்ஜரை மாட்டுகிறீர்கள். ஆளுக்கு 4.2 வோல்ட் என்பது கணக்கு. ஆனால் சார்ஜருக்குத் தெரிவது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள மொத்தம் மட்டுமே. 4.35, 4.35, 3.9 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 12.6தான். மூன்று பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து வகுப்பே பாஸ் என்று சொல்வது போல. 4.35-இல் நிற்கும் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், எலக்ட்ரோலைட் சிதையும். வெளியே பச்சை விளக்கு எரியும்.

இதைத் தடுக்கத்தான் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை) பலகை என்பார் கடைக்காரர். பாதி உண்மை. ஒரு செல் ஏறக்குறைய 4.25-ஐத் தாண்டினால் பலகை சார்ஜைத் துண்டிக்கும். அது கடைசி அரண். தினமும் சார்ஜை நிறுத்துவதற்கான சுவிட்ச் அல்ல. துண்டிக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி நின்றுவிட்டால், மலிவுப் பலகையில் அதற்குப் பின்னால் தடுக்க எதுவும் கிடையாது.

செல்களைச் சமன்படுத்தும் வேலை தனி. நிறைந்த செல்லின் குறுக்கே ஒரு சிறு மின்தடை வழியாகக் கொஞ்சம் கரண்ட்டைச் சூடாக வீணடிப்பதுதான் அந்த உத்தி. தடை 100 ஓம் என்றால் 4.2 வோல்ட்டில் ஓடுவது 42 மில்லியாம்பியர். சார்ஜரோ ஓர் ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும். 2500 மில்லியாம்பியர்-மணி செல்களில் ஒன்று பத்து சதவீதம் பின்தங்கினால், அந்த 250-ஐ ஈடுகட்ட ஆறு மணி நேரம் ஆகும். அதுவும் செல் உச்சத்தைத் தொட்ட பிறகுதான் சமன்படுத்தலே தொடங்கும். பச்சை எரிந்ததும் பிளக்கைப் பிடுங்குகிறவர் வீட்டில் அது நடப்பதே இல்லை. ஒவ்வொரு சார்ஜிலும் இடைவெளி கொஞ்சம் கூடும். இதைவிட மோசம், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பலகைகளில் ஒன்றில் சமன்படுத்தும் மின்தடைகளே இருக்காது. வாங்கும்போது கேளுங்கள். செல்களின் நடு இணைப்புகளுக்குப் போகும் ஒயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்; வோல்ட்டேஜ் பார்க்கவும் அதே ஒயர்கள்தான்.

48 வோல்ட் பேக்கின் கீழ்க் கால்பகுதியிலிருந்து மட்டும் ஹாரனுக்கும் லைட்டுக்கும் 12 வோல்ட் ஒயர் இழுப்பவர்கள், செல்கள் சமமின்றிப் போகும் இந்தக் கோளாறைத் தாங்களே கட்டிவைக்கிறார்கள். கன்வர்ட்டர் போட்டு மொத்தப் பேக்கிலிருந்தும் எடுங்கள்.

ஆகவே, கட்டும் முன்பே செல்களைத் தனித்தனியாக 4.2 வரை ஏற்றிச் சமமாக்குங்கள். ஒரே மாடல், ஒரே வயது. மாதம் ஒருமுறை, சார்ஜ் முடிந்ததும் மல்டிமீட்டரின் முனையை ஒவ்வொரு செல்லிலும் வையுங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் கவனியுங்கள். சமன்படுத்திய பிறகும் அதே செல் திரும்பத் திரும்பப் பின்தங்கினால் அதைக் கழற்றிவிடுங்கள்.

மற்ற கேள்விகள்.

லெட்-ஆசிட் சார்ஜர் போடலாமா? 14.4-ஐ மூன்றால் வகுத்தால் 4.8, கூடவே கூடாது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்? உச்சம் 3.65; நான்கு சேர்த்தால் 14.6, அதற்கான சார்ஜரே வேண்டும்.

2 வோல்ட்டுக்குக் கீழே செத்துக்கிடக்கும் செல்லை எழுப்பலாமா? உள்ளே தாமிரம் கரைந்திருக்கக்கூடும், எழுப்பாதீர்கள்.

18650 செல்லில் 9900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறதே? பொய்.

உப்பிய, பழைய செல்? மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள்; 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி சேகரிப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்கே வைத்து சார்ஜ் போடுவது? பெங்களூரு வாடகை வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், மீட்டர் போர்டு பக்கத்தில் இருக்கும் பிளக்தான் எல்லோருக்கும் வசதி. தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வரும் வழியும் அது ஒன்றுதான். தயவுசெய்து அங்கே போடாதீர்கள். ஆள் விழித்திருக்கும் நேரத்தில், வெறும் சிமென்ட் தரையில் வைத்துப் போடுங்கள்.