மலையேறாத மூட்டைகள்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் சனிதான் வார விடுமுறை. பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். நண்பகலுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் கோர்க்கா மாவட்டத்து பர்பாக் கிராமத்தருகே மையம் கொண்ட 7.8 அளவு நிலநடுக்கம் நாட்டை உலுக்கிப் போட்டது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. இந்திய விமானப்படையின் மீட்பு விமானம் அன்றே காத்மாண்டு போய் இறங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அரிசியும் தார்ப்பாயும் மருந்தும் கிளம்பின.

அப்படியும் மலையூர்களில் மக்கள் நாள்கணக்கில் திறந்த வெளியில் மழையில் கிடந்தார்கள். பொருள் இல்லாமல் அல்ல. பொருளுக்கும் ஊருக்கும் நடுவில் வழி இல்லாமல்.

நிவாரணம் என்றால் நமக்குச் சட்டென்று தோன்றுவது கொடுக்கிற கை. அந்தக் கைக்கும் வாங்குகிற கைக்கும் இடையில் ஓடுபாதை, சுங்கச்சாவடி, கிடங்கு, லாரி, பாலம், ஒற்றையடிப் பாதை என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதில் எந்தக் கண்ணி மெலிந்ததோ, அதன் பலம்தான் மொத்தச் சங்கிலியின் பலம்.

காத்மாண்டின் திரிபுவன் விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்கள் நிற்க அப்போது ஒன்பதே இடங்கள். ஒரு விமானம் சரக்கை இறக்கத் தாமதித்தால் அடுத்தது வானத்தில் வட்டமடிக்க வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். நிலநடுக்கம் அந்தப் பாதையை முடக்கவில்லை. அடுத்த எட்டு நாட்களில் இறங்கிய கனத்த சரக்கு விமானங்களின் பாரம்தான் அதைப் பழுதாக்கியது. மே 3ஆம் தேதி, 196 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானங்கள் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. உதவியின் எடையே உதவிக்கான வாசலைப் பாதி அடைத்த கதை இது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. அதே விமான நிலையத்தில், நிலநடுக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 2015 மார்ச்சில், நிவாரணப் பொருட்களை இறக்கிப் பிரித்து அனுப்புவதற்கென்றே ஒரு தளத்தை உலக உணவுத் திட்டம் திறந்திருந்தது. பெரிய கட்டடமெல்லாம் இல்லை. கொட்டகைகளும் காலி இடமும் சுமை தூக்கும் வண்டிகளும்தான். அது இல்லாமல் போயிருந்தால் வந்த மூட்டைகள் இன்னும் எத்தனை நாள் அங்கே கிடந்திருக்குமோ. பேரிடர் ஆயத்தம் என்று எழுதிப் படிக்கும்போது இப்படிப்பட்ட காலி இடம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அடிக்கல் நாட்டிப் படம் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லையே.

அடுத்த முடிச்சு சுங்கம். கூடாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் நேபாள அரசு வரிவிலக்கு அறிவித்தது. மற்றவற்றைச் சோதிக்காமல் விடமாட்டோம் என்றது. சமாதான காலத்து விதிகளைத் தளர்த்துங்கள் என்று ஐ.நா. அதிகாரியே வெளிப்படையாகக் கேட்கும் நிலை வந்தது. மறுபக்கம் நிதியமைச்சர் ராம் சரண் மஹத்தின் கோபத்திலும் நியாயம் இருந்தது. எங்களுக்குத் தேவை தானியமும் உப்பும் சர்க்கரையும், வருவதோ டின்னில் அடைத்த சூரை மீனும் மயோனைஸும் என்று அவர் நொந்துகொண்டார். கேட்காத பொருளைப் பிரித்து, எண்ணி, ஓரங்கட்டுவதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் அரிசி மூட்டை தூக்க வேண்டியவர்கள்.

காத்மாண்டைத் தாண்டினால் கதை இன்னும் கடினம். சீன எல்லைக்குப் போகும் அரனிகோ நெடுஞ்சாலையில் மண்சரிவு. லாங்டாங் கிராமம் பனியும் பாறையும் சரிந்து புதைந்தே போனது. சாலை முடிந்த இடத்தில் லாரியும் முடிந்துவிடும். அதன்பின் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஆயிரம் பேர் வாழும் ஒரு மலையூர். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியமும் பருப்பும் என்றால், பத்து நாளுக்கு ஐந்து டன். சமவெளியில் இது பாதி லாரி லோடு. கோவேறு கழுதை ஐம்பது கிலோ சுமந்தால், மலையில் அதற்கு நூறு கழுதைகள் வேண்டும். ஆளுக்கு முப்பது கிலோ என்று தலைச்சுமையாகக் கொண்டுபோனால் 160 பேருக்கு மேல் வேண்டும். போகிற இரண்டு நாளும் வருகிற இரண்டு நாளும் அவர்கள் சாப்பிட வேண்டும், அந்தச் சோறும் சுமைதான். உலக உணவுத் திட்டம் அங்கே செய்தது இதைத்தான். மலையேறும் பயணிகளுக்கு மூட்டை சுமந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி, இடிந்த பாதையைச் செப்பனிடவைத்து, கழுதையும் ஆளுமாக அரிசியை மேலே ஏற்றியது. பயணிகள் வராததால் பிழைப்பு போனவர்களுக்கு வேலையும் கிடைத்தது.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பீர்கள். அது ஏறும் உயரம் கூடக்கூட சுமக்கும் எடை குறையும். மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிட்டால் பறக்கவே முடியாது. மே 12ஆம் தேதி 7.3 அளவில் இன்னொரு நிலநடுக்கம் வந்தது. அன்று தோலகா மாவட்டத்தில் நிவாரணப் பணியில் இருந்த அமெரிக்க மரைன் படையினரின் ஹெலிகாப்டர் மலையில் மோதி, அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். அவர்களில் நேபாளப் படைவீரர்களும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஒரு மூட்டை மேலே போய்ச் சேர்வதற்கு யாரோ தன் உயிரைப் பணயம் வைக்கிறார். அந்த மூட்டைக்குள் கிழிந்த சட்டை இருக்கலாமா?

இருந்திருக்கிறது. 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது, சௌராஷ்டிரத்திலிருந்து கட்சுக்குள் போகும் சூரஜ்பாரி பாலம் சேதமடைந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் நாடெங்கிலுமிருந்து லாரிகள் நுழைய வேண்டும். நுழைந்தவற்றில் எத்தனையோ லாரிகளில் இருந்தது பழந்துணி. சாலையோரம் கொட்டப்பட்டு, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஏறக்குறைய நான்காண்டு கழித்து, சுமத்ராவின் கடலடி நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி நாகப்பட்டினத்தைச் சூறையாடியபோது நாமும் அதையே செய்தோம். கடற்கரைச் சாலைகளில் குவிந்த பழந்துணியை மீனவப் பெண்கள் தொட மறுத்தார்கள். கடல்தான் எல்லாவற்றையும் கொண்டுபோனது, மானத்தை அல்ல.

ஆகவே கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அங்கே என்ன கேட்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டுக்குள் பேரிடர் என்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. பணத்துக்கு எடை இல்லை, ஓடுபாதை வேண்டாம், சுங்கம் வேண்டாம். பக்கத்து ஊர்ச் சந்தை திறந்திருந்தால் அங்கேயே அரிசி வாங்கலாம், அந்த ஊர்க் கடைக்காரரும் எழுந்து நிற்பார். தண்ணீர் பாட்டில் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து டன் லாரி கொண்டுபோவது பத்தாயிரம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அளவு. அப்படியானால் ஒரு லாரி 666 பேருக்கு ஒரே நாள் தாங்கும். 20 லிட்டருக்கு ஒன்று என்று போடும் குளோரின் மாத்திரைகளோ ஒரு கைப்பெட்டியில் அதைவிடப் பல மடங்கு தண்ணீரைச் சுத்தமாக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை மூட்டையில் போடாதீர்கள். நாடு விட்டு நாடு போகும் மருந்துக்கு, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒரு மூட்டையில் ஒரே வகைப் பொருள். மேலே என்ன, எத்தனை, யாருக்கு என்று அங்கே படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள்.

பணம் கேட்டு வாட்ஸப்பில் வரும் க்யூ.ஆர். குறியீடுகளில் மட்டும் கவனம். ஸ்கேன் செய்ததும் திரையில் தனியாள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். அதே வாட்ஸப்பில் பரவும் வதந்தியும் போக்குவரத்துப் பிரச்சினைதான். 2015இல் பீகாரில், இன்றிரவு இன்னும் பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று பரவிய செய்தியை நம்பி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பி பீதி கிளப்பினால் ஓராண்டு வரை சிறை என்கிறது 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்தை நம்மில் பலர் கொரோனா ஊரடங்கில்தான் முதலில் கேள்விப்பட்டோம், அதுவும் தடை போடுகிற சட்டமாக. அதற்குள் உரிமைகளும் இருக்கின்றன. அதன்கீழ் வந்த வழிகாட்டு நெறிகளின்படி முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. தலைக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரையிட்ட இடம் என்று அந்த அளவை எண்ணாகவே கேட்கலாம். பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்து நிவாரணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 61ஆம் பிரிவு. இந்த வரி சட்டத்தில் வந்ததற்குத் தேவை இருந்தது. லாரி சாலையோரத்தோடு நின்றுவிடும்; சாலையோரத்து ஊருக்கு இரண்டு முறை கிடைக்கும்; ஊருக்கு வெளியே, வரப்பு தாண்டி இருக்கும் குடியிருப்புக்கு ஒருமுறையும் கிடைக்காது. சுனாமியின்போது நம் கடலோரத்தில் தலித், இருளர் குடியிருப்புகளுக்கு நேர்ந்தது அது. நேபாளத்தில் தலித்துகள் எழுப்பிய புகாரும் அதுவே. பாகுபாடு காட்ட யாரும் திட்டமிட வேண்டியதுகூட இல்லை, வண்டி எங்கே நிற்கிறது என்பதே போதும்.

உங்கள் குடியிருப்பு விடுபட்டால் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். உயிர் சார்ந்த தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு என்பது பலருக்குத் தெரியாது. எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, எந்த ஊருக்கு எப்போது போனது என்று அதன்கீழ் கேளுங்கள், ஏன் உயிர் சார்ந்தது என்று ஒரு வரி சேர்த்து. நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டு வரை சிறை.

லாரிக்காரர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மீட்புக்கோ நிவாரணத்துக்கோ வண்டி வேண்டுமென்றால் அதிகாரிகள் எழுத்து மூலம் உத்தரவிட்டு எடுத்துக்கொள்ள 65ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தகுந்த காரணமின்றி மறுத்தால் 51ஆம் பிரிவு பாயும். ஆனால் 66ஆம் பிரிவு உரிமையாளருக்கானது: அந்த வட்டாரத்து வாடகை நிலவரப்படி இழப்பீடு தர வேண்டும். தொகை போதாது என்றால் விதித்த காலத்துக்குள் மனுக் கொடுத்து, நடுவரிடம் விடச் சொல்லலாம். அதனால் வாய்மொழியாக வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். உத்தரவின் நகல், வண்டி போன நேரம், திரும்பிய நேரம், கிலோமீட்டர், டீசல் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஓட்டுநருக்குப் படியும் ஓய்வும் யார் பொறுப்பு என்பதையும் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். மண்சரிந்த பாதையில் இரண்டு இரவு தூங்காத ஓட்டுநர் பின்னதிர்வைவிட ஆபத்தானவர்.

நேபாளத்தில் நிவாரண விமானங்கள் ஓய்ந்த பிறகும் பாதைச் சிக்கல் ஓயவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், புதிய அரசியல் சாசனத்தை ஒட்டிய போராட்டத்தில் இந்திய எல்லையில் லாரிகள் நின்றன. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மாதக்கணக்கில் தட்டுப்பாடாக இருந்தன. உயரமான ஊர்களுக்குப் பனி விழும் முன்பே ஏற்ற வேண்டிய கூரைத் தகடுகளும் கம்பளிகளும், டீசல் இல்லாமல் கிடங்குகளில் காத்துக் கிடந்தன. அந்தக் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் நிவாரணமாகக் கிடைத்த அதே தார்ப்பாயின் கீழ்தான் கழித்தன.